ஒரு மெச்சுக்கு ஒரு ஆள்

"நீங்க வெளிய போங்க."

நடுவர் ஸாலிஹ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

கோட்டுக்கு வெளியே நின்ற சிவபாலன் யாருக்குச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் மதில்தான் இருந்தது.

"நானோ?"

"ஓம், நீங்கதான். கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க. நீங்க போற வரைக்கும் மெச் திரும்பத் தொடங்காது."

கொட்டாஞ்சேனை மைதானத்தில் பதினொரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உதைபந்தாட்டம். வெள்ளவத்தை அணிக்கும் கொட்டாஞ்சேனை அணிக்கும் போட்டி. சிவபாலனின் மகன் அபிஷன் வெள்ளவத்தை அணியில் விளையாடிக்கொண்டிருந்தான்.

"நான் அப்பிடி என்ன சொல்லிப்போட்டன்? 'அபிஷன், இடது பக்கம் ஓடு, பந்தைக் குடு, ஏன்டா மரம் மாதிரி நிக்கிறாய்' எண்டு சொன்னனான். பெத்த தகப்பன் அதுகூடச் சொல்லக்கூடாதோ?"

"எனக்குக் கண்ணாடி வாங்கித் தாறேண்டும் சொன்னீங்க."

பக்கத்தில் நின்ற பெற்றோர் சிரித்தார்கள். சிவபாலனுக்கு முகம் சிவந்தது.

"அங்க நிக்கிற அந்த அம்மாவைப் பாருங்கோ."

எதிர்ப் பக்கத்தில் கொட்டாஞ்சேனை அணிப் பிள்ளை ஒன்றின் தாய் றோஸி நின்றாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தித் தொண்டை கட்டிப்போய், இப்போது சோடா குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ உங்களை மாடு எண்டே சொன்னவ. அவவை விட்டுப்போட்டு என்னைப் பிடிக்கிறியள். இது என்ன நியாயம்?"

"நேரம் போகுது. வெளிய போங்க."

சிவபாலன் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளை முகாமையாளர். அவர் இருமினாலே அலுவலகத்தில் பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்டவர், சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தபடி கேட்டைத் தாண்டிப் போனார்.

வெளியே ஓர் இளநீர் வண்டில் நின்றது. மதில் உயரம். உள்ளே நடப்பது ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரிய ஆரவாரம் கேட்டது. இளநீர்க்காரர் வண்டில் மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

"கோல் எகக், மஹத்தயா."

ஒரு கோல் விழுந்துவிட்டதாம். யார் போட்டது என்று சிவபாலன் கேட்டதற்கு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

போட்டது அபிஷன். அவனுடைய முதல் கோல்.

அன்று வீடு போய்ச் சேரும்வரை கொழும்பின் காலி வீதி நெடுகச் சிவபாலனின் வாய் ஓயவில்லை.

"தெமட்டகொடையில டயர் கடை வச்சிருக்கிற ஆளாம். சனிக்கிழமையில கடையைப் பூட்டிப்போட்டு வந்து சும்மா விசில் ஊதுறாராம். சும்மா ஆர் வருவினம்? நாலு பெரிய மனுசரை விரட்டிப் பார்க்கிற சந்தோசம். அதுதான் அந்தாளுக்குச் சம்பளம். என்ர பிள்ளையின்ர முதல் கோலைப் பார்க்க விடாமப் பண்ணிப்போட்டார்."

பின் சீற்றில் அபிஷன் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஏன்டா பேசாம வாறாய்?"

"ஒண்டுமில்லை அப்பா."

அடுத்த சனிக்கிழமை அதே இரண்டு அணிகளுக்கும் மறு ஆட்டம். சிவபாலன் மகனைக் கூட்டிக்கொண்டு வெள்ளெனவே வந்துவிட்டார். சப்பாத்துப் போட வேண்டும் என்று அபிஷன் உடுப்பு மாற்றும் அறைப் பக்கம் ஓடினான். சிவபாலன் நடுவரைத் தேடிப் போனார். கேட்க வேண்டியதையெல்லாம் கிழமை முழுக்கக் குளியலறையில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

அறைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த வாளியில் ஸாலிஹ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு அணிப் பிள்ளைகளும் கலந்து வரிசையில் நின்றார்கள். சிவபாலன் சுவர் மூலையோடு நின்றுவிட்டார்.

வரிசையில் முதல் ஆள் றோஸியின் மகன் சுமன். உருகிப்போன சொக்லட் ஒன்றை நடுவரின் கையில் வைத்தான்.

"அங்கிள், இன்னைக்கு எங்கம்மாவ வெளிய அனுப்புங்க. போன கிழமையே கேட்டேன். நீங்க அபிஷன்ட அப்பாவத்தான் அனுப்புனீங்க."

"ஒரு மெச்சுக்கு ஒரு ஆள்தான் மகன். அபிஷன்தான் ஒனக்கு முந்தி வந்து கேட்ட. இன்டைக்கு ஒங்கட அம்மாட முறை, சரியா?" ஸாலிஹ் சொக்லட்டை வாயில் போட்டுக்கொண்டு விரலையும் நக்கினார். "ஆனா அவ முதல்ல ஏசோணும். சும்மா நிக்கிற ஆள நான் அனுப்ப மாட்டேன்."

"ஏசுவாங்க அங்கிள். த்ரீவீல்ல வரும்போதே தொடங்கிட்டாங்க."

சிவபாலனுக்குக் காது இரண்டும் சுட்டன. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்தவர், வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளையைக் கண்டு அப்படியே நின்றார்.

"நீ ஏன் மகன் திரும்பவும் வந்த?" மற்றப் பிள்ளைகள் போனதும் கேட்டார் ஸாலிஹ். "ஒங்கட அப்பாட முறைதான் முடிஞ்சிட்டே."

"ஓம் அங்கிள்." அபிஷன் சப்பாத்து நுனியால் மண்ணைக் கிண்டினான். "அண்டைக்கு அவர் வெளியில நிண்டபடியா நான் பயமில்லாம ஓடினனான். அதுதான் கோல் அடிக்க ஏலுமா இருந்தது. ஆனா அவர் அதைப் பார்க்கேல்ல."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"பாவம் அங்கிள் அவர். இண்டைக்கு எவ்வளவு கத்தினாலும் உள்ளுக்கயே நிக்கட்டும். அடுத்த கிழமை அவரின்ர முறைக்கு நான் இப்பவே சொல்லி வைக்கிறன்."