இன்னொரு ரூம் இருக்கா?

மாற்றுத்திறனாளிகளுக்கான வீடுகளில் முதலீடு செய்பவர்களுக்கு லாபத்தோடு புண்ணியமும் இலவசம் என்று வீடு விற்கும் நிறுவனத்தின் மேலாளர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்க்க வந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சமையல் மேடையைக் கையால் அளந்தாள்.

"உட்கார்ந்தபடியே எட்டுமா?"

"தாராளமா எட்டும். யாருக்கும்மா?"

"என் பொண்ணுக்கு. சக்கர நாற்காலிதான். இன்னொரு ரூம் இருக்கா?"

மேலாளர் குழைந்தார். "இல்லம்மா. ஆனா தாய்மனசு எனக்குப் புரியுது! ஹாலைத் தடுத்து, நீங்க தங்க ஒரு ரூம் போட்டுடலாம்."

"ஐயையோ, காரியத்தையே கெடுத்துடாதீங்க!"

பெற்ற மகளையே கழற்றிவிடப் பார்க்கிறாளே என்று மேலாளரின் மனிதாபிமானம் கொதித்தது. "அப்போ அவங்களைத் தனியா விடப்போறீங்களா?"

"நான் எங்க விடறேன்? பணம் போடறதே அவதான். அம்மா தங்க இடமிருந்தா அந்த வீடே வேண்டாம்னு சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்கா. முப்பது வருஷமா கூடவே இருந்து உயிரை வாங்கறேனாம்!"

சிரித்தபடி வெளியே போனவள், கதவைச் சாத்திவிட்டு அழைப்புமணியை அழுத்தினாள். மேலாளர் திறக்க ஓடினார்.

"உடனே திறக்காதீங்க சார்," என்றாள் வெளியிலிருந்து. "அவ நாற்காலியை உருட்டிட்டு வர நேரமாகும். நான் நின்னு பழகிக்கறேன்."