ஐந்து நட்சத்திர அவமானம்

"எங்க மியூசிக் பேண்டைப் பத்தி இப்படி எழுத உங்களுக்கு எப்படி மாமா மனசு வந்துச்சு?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த மைத்துனன், பத்திரிகையை மேஜைமேல் போட்டான்.

இசை விமர்சகர் திருதிருவென விழித்தார். மைத்துனனும் நண்பர்களுமாக நாலு பேர் கார் ஷெட்டில் இரண்டு வருஷம் மல்லுக்கட்டிப் பதிவு செய்த முதல் ராக் ஆல்பம். முழுப் பக்கம் எழுதியிருந்தார்.

"என்னடா குறை? அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருக்கேனே."

"அதான் மாமா குறை. நீங்க அஞ்சு கொடுத்தா, கேக்காமலே கொடுத்தீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க டிரம்மர் காலையிலேர்ந்து என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறான்."

"யாருடா அப்படிச் சொன்னது?"

மைத்துனன் நேராக அலமாரிக்குப் போனான். நாற்பது வருஷமாகக் கொடிகட்டிப் பறக்கும் குழுவின் புது ஆல்பத்தை உருவினான்.

"போன மாசம் இதுக்கும் அஞ்சு. 'அனுபவம் பேசுகிறது'ன்னு எழுதினீங்க. மேல சுத்தின பிளாஸ்டிக்கே இன்னும் பிரிக்கலை."

"பெரிய ஆளுங்கடா. எப்படியும் நல்லாத்தான் வாசிச்சிருப்பாங்க."

"இருபது வருஷமா இவர் விமர்சனத்துலயும் அனுபவம் ஒண்ணுதான்டா பேசிட்டிருக்கு," என்று தம்பியிடம் சொன்னாள் விமர்சகரின் மனைவி, உள்ளேயிருந்து.

விமர்சகருக்குச் சுருக்கென்றது. "உன்னோடதைச் சத்தியமா கேட்டேன்டா. பதினோரு தடவை."

"எங்களோடது வெறும் காகித உறை மாமா. பிரிச்சதுக்கு அடையாளம்கூடக் கிடையாது. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடக் கேட்டிருக்கார்னு நம்பியிருப்போம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாகப் பாராட்டியிருக்கிறார், நம்ப ஆளில்லை. விமர்சகருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்:

"ஏழாவது பாட்டு. கிடார் ஓஞ்சு எல்லாம் அமைதியாகிற இடம். யாரோ இருமறாங்க."

மைத்துனன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அது நான்தான் மாமா. அன்னிக்கு ஜலதோஷம். இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கலை."

"மூணாவது தடவையே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் எழுதலை?"

"பாட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சுடா. இருமலைப் போய் எழுத மனசு வரலை."

அவன் போனதும், விமர்சகர் அந்தப் பெரிய குழுவின் பிளாஸ்டிக்கை நகத்தால் கிழித்தார். முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

அடுத்த இதழின் மூலையில் ஒரு திருத்தம் வந்தது: 'முதல் ஆல்பம் வெளியிட்ட இளைஞர்களின் ஏழாவது பாடலில் இருமல் இருக்கிறது. அரை நட்சத்திரம் குறைக்கப்படுகிறது. போன மாத ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். நாலு நட்சத்திரம் குறைக்கப்படுகிறது.'

கார் ஷெட் சுவரில் இன்றைக்கும் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது, அந்த முழுப் பக்கப் பாராட்டை அல்ல. அரை நட்சத்திரம் குறைத்த திருத்தத்தைத்தான்.