விரல் சூப்பும் மாமனார்

“குழந்தை கையை ஆட்டினா அது விளையாட்டு இல்லம்மா, பேச்சு! நாமதான் கண்ணைத் திறந்து பார்க்கணும்.”

லேப்டாப் திரையில் முப்பத்தொரு அம்மாக்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். கைக்குழந்தைகளுக்குச் சைகை மொழி சொல்லித் தருவதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்த வாண்டு எந்த விரலை அசைத்தாலும் அர்த்தத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவாள்.

“சந்தேகத்தையெல்லாம் எழுதிப் போடுங்க, கடைசியில மொத்தமா பார்க்கிறேன். இன்னிக்குப் பாடம், ‘இன்னும் வேணும்’. செஞ்சு காட்டப் போறது என் பையன்!”

ஒன்றரை வயதுப் பையன் தன் தண்ணீர்க் கோப்பையைக் கட்டிக்கொண்டு கேமராவை முறைத்தான்.

பாதி வகுப்பு ஓடிய பிறகுதான் டீச்சர் கவனித்தாள். திரையில் அவள் தோளுக்குப் பின்னால் மாமனார்! பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய் ஐந்து மாதம். எல்லா வகுப்புக்கும் அந்த நாற்காலியில்தான் இருப்பார். இன்று இடது கைக் கட்டை விரலை உதட்டில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

டீச்சருக்கு மானமே போய்விட்டது. மைக்கை அணைத்துவிட்டுக் கணவன் மேல் பாய்ந்தாள்.

“உங்கப்பாவைப் பாருங்க! இந்த வயசுல விரல் சூப்பறார். அத்தனை பேரும் பார்க்கறாங்க!”

“உள்ளே கொண்டுபோய் விட்டா கத்தறாரேம்மா...”

“அப்போ சுவர்ப் பக்கமா திருப்பியாவது வைங்க. மாமா, சும்மா கையை ஆட்டிட்டிருக்காதீங்க. கிளாஸ் நடக்குது!”

மகன் அப்பாவைத் திருப்பி வைத்தான். மனைவி சொல்லைத் தட்டாத தங்கமான மனுஷன். பெரியவர் விடவில்லை, சுவருக்கும் அதே விரலைக் காட்டினார்.

பையன் ‘இன்னும் வேணும்’ காட்டுவதாக இல்லை. தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தவன், தத்தித் தத்திப் போய்த் தன் கோப்பையை அவர் வாயில் வைத்து அழுத்தினான். பெரியவர் ஆவலாக வாயைத் திறந்தார்.

“ஐயோ, எச்சில் பண்ணாதே!”

டீச்சர் ஓடிப்போய்க் கோப்பையைப் பிடுங்கினாள். பையன் வீலென்று அலறினான்.

ஒரு வழியாக அவனைக் கணவனிடம் தள்ளிவிட்டு, முடியைச் சரிசெய்து, முகத்தில் பழைய சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து மைக்கைப் போட்டாள்.

“ஸாரி, குழந்தைங்கன்னா அப்படித்தான். வாங்க, உங்க சந்தேகங்களைப் பார்ப்போம்.”

சந்தேகம் யாருக்கும் இல்லை. வகுப்பு ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே முதல் செய்தி வந்திருந்தது.

“மேடம், பின்னாடி தாத்தாவை உட்கார வெச்சு டெஸ்ட் வெக்கிறீங்கதானே? கண்டுபிடிச்சுட்டேன்! முதல் பாடம். தண்ணி!”

அதற்குக் கீழே வரிசையாக எல்லோரும் அதே பதில். தண்ணி, தண்ணி, தண்ணி.

கடைசிச் செய்தி இப்போதுதான் வந்து விழுந்தது.

“எல்லாரும் பாஸ்தானே மேடம்? பாவம், இனிமேலாவது தாத்தாவுக்குத் தண்ணி குடுத்துடுங்க.”