பல்லி சொன்ன யோசனை

சுவரில் மாட்டிய இயேசு படத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. போன வருஷம் குருத்தோலை ஞாயிறு பவனியில் பிடித்த ஓலையும் அங்கேதான் செருகியிருந்தது.

"நாளைக்குப் பழைய ஓலையெல்லாம் கோயிலுக்குப் போகுதாம். சாம்பல் புதனுக்கு நெத்தியில பூச, எரிச்சுச் சாம்பலாக்கப் போறாங்க," என்றது பல்லி. "இழுக்கும்போது நுனியை மட்டும் அவங்க கையில விட்டுட்டு உள்ளே நழுவிடு. நான் மூணு தடவை வாலைக் கொடுத்தவன். கொடுத்த மாதிரியும் ஆச்சு, பிழைச்ச மாதிரியும் ஆச்சு."

ஓலை நடுங்கியது. "பயமாத்தான் இருக்கு அண்ணே. பவனியில ஓசன்னான்னு ஆடினப்போ நெருப்பு ஞாபகமே வரலை. ஆனா அன்னிக்கு நுனி மட்டுமா ஆடுச்சு?"

மறுநாள் வீட்டுக்கார அம்மா செலின் இழுத்தபோது அது முழுசாகவே போனது.

புதன்கிழமை நெற்றியில் சாம்பல் சிலுவையோடு செலின் படத்தின் முன் முழந்தாளிட்டாள். பல்லி எட்டிப் பார்த்தது. பிறகு, புதிதாய் முளைத்த தன் வாலைத் திரும்பிப் பார்த்தது.

வாலைக் கொடுத்த கதையை அதற்கப்புறம் அது யாரிடமும் சொன்னதில்லை.