அங்க அடையாளம்

கடைசி ஓட்டலிலும் இடமில்லை என்று கையை விரித்தபோது மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியாருக்கு வரவில்லை. அந்த அம்மாள் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் அழுதுதான் அவர் பார்த்திருக்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பியவர் அவர். அம்மா தனியாகப் போய்த் தடுமாறுவாளே என்று மகள் தன் கணவரைத் துணைக்கு அனுப்பியிருந்தாள். நடுவழியில் விமானம் மாற வேண்டிய ஊர் இது. முதல் விமானம் தாமதமாகி, அடுத்ததைக் கோட்டை விட்டார்கள். இனி காலையில்தான். விமான நிலையத்தையோ இரவில் பூட்டிவிடுவார்களாம். ஊரில் ஏதோ பந்தயத்தின் இறுதி ஆட்டம். ஓட்டல்களில் ஈ நுழைய இடமில்லை. போதாக்குறைக்கு மழை வேறு தூறியது. குளிரில் பல் தந்தியடித்தது.

"இப்ப என்ன அத்தை பண்றது?"

மாமியார் தெருக்கோடியைப் பார்த்தார். அங்கே நீல விளக்கு போட்ட ஒரு கட்டடம். கண்ணாடிக் கதவுக்குள்ளே மெத்தை தைத்த நீளமான பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"அது போலீஸ் ஸ்டேஷன்தானே? வாங்க மாப்பிள்ளை, புகார் கொடுப்போம்."

"என்னன்னு?"

"என் கைப்பையை ஒருத்தன் பிடுங்கிட்டு ஓடிட்டான்."

"ஐயையோ, எப்போ?"

தோளில் தொங்கிய கைப்பையைக் கழற்றி, மாப்பிள்ளையின் பெட்டிக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடினார் மாமியார். "இப்பதான்."

மாப்பிள்ளை வக்கீல். பொய் சொல்ல வராததால் கோர்ட்டுப் பக்கமே போகாமல், பத்திரம் எழுதிக் காலம் தள்ளுகிறவர். "பொய்ப் புகார் கொடுக்கறது பெரிய குத்தம் அத்தை!"

"நல்ல பொய்யா இருந்தா யாரு கண்டுபிடிக்கப் போறா? ராத்திரி லேட்டா வந்து நின்ன பொண்ணுங்க எங்கிட்ட எவ்வளவு சொல்லியிருக்குங்க! எது நிக்கும், எது நிக்காதுன்னு எனக்குத் தெரியும். நீங்க வாயைத் திறக்காம வந்தாப் போதும்."

உள்ளே இதமான சூடு. வாட்டசாட்டமான பெண் அதிகாரி ஒருவர் எழுந்து வந்தார். தன் மொழியில் கைபேசியிடம் பேசினார். அது தமிழில் திருப்பிச் சொன்னது.

"அம்மையே, தங்கள் பையைக் கவர்ந்த கள்வனின் அங்க அடையாளங்கள் யாவை?"

மாமியார் மூச்சு விடாமல் ஒப்பித்தார். "நம்ம ஊர்க்காரர் மாதிரி இருந்தார். வழுக்கைத் தலை. பெரிய மீசை. மூக்கு ஓரத்துல பட்டாணி சைஸுக்கு ஒரு மச்சம். நடந்தா தொப்பை முன்னாடி வரும், ஆள் பின்னாடி வருவார்."

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி அந்தப் பக்கம் திரும்பியதும், "அத்தை, இது எங்கப்பா!" என்றார் அடிக்குரலில்.

"பின்னே? இல்லாத மூஞ்சியைச் சொன்னா, மறுபடி கேக்கும்போது மாத்திச் சொல்லி மாட்டிக்குவேன். சம்பந்தி மூஞ்சி எனக்கு மறக்குமா? கல்யாணத்துல பந்திக்குப் பந்தி ஒரு குத்தம் சொன்ன மூஞ்சியாச்சே!"

தேடிப் பார்க்கிறோம், விடியும்வரை இங்கேயே இருங்கள் என்றார் அதிகாரி. ஆளுக்கொரு கம்பளியும் கொடுத்தார். மாமியார் பெஞ்சில் சாய்ந்ததும் குறட்டை கேட்டது. மாப்பிள்ளை மட்டும் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

விடிந்ததும் கைபேசி மாமியாரை எழுப்பியது. "மகிழ்ச்சியான செய்தி. கள்வன் இரவே அகப்பட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இல்லாத திருடன் எப்படி அகப்படுவான்?

உள்ளிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். வழுக்கை. மீசை. மூக்கில் மச்சம். முதலில் தொப்பை வந்தது. யாரோ வேற்று ஆள்தான்; ஆனாலும் மாப்பிள்ளை "அப்பா" என்று கத்தாததுதான் பாக்கி. அந்த மனிதரின் சட்டை கசங்கியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. தலை கவிழ்ந்தே இருந்தது.

"பாவம் அத்தை! அடிச்சு உதைச்சு ஒத்துக்க வச்சிருக்காங்க. கண்ணைப் பாருங்க, ராத்திரி முழுக்க அழுதிருக்கார்!"

மாமியாரின் முகம் வெளுத்தது.

"நான் உண்மையைச் சொல்லிடறேன் மாப்பிள்ளை."

"ஃபிளைட்டு? உங்க மகன் காத்துக்கிட்டு இருப்பாரே! உங்களை உள்ள வச்சுட்டா நான் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

"அம்மா பெரிய இடத்துல தங்கியிருக்கான்னு சொல்லுங்க. நான் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கறதுக்காக, ஒரு தப்பும் பண்ணாத மனுஷன் ஜெயிலுக்குப் போகணுமா? அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். கைபேசியை அதிகாரி நீட்டினார்.

"அம்மணி, இவர் திருடன் இல்ல. இவர் மேல ஒரு தப்பும் இல்ல. நடந்தது என்னன்னா..."

அதுவரை கவிழ்ந்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்தது. அந்த மனிதர் ஓரடி முன்னால் வந்து, கைபேசியைத் தன் உள்ளங்கையால் பொத்தி, சுத்தமான தமிழில் கெஞ்சினார்.

"அம்மா, காரியத்தைக் கெடுத்துடாதீங்க! உள்ளே கட்டில், மெத்தை, வேளைக்குச் சாப்பாடு எல்லாம் சௌகரியமா இருக்கு. எனக்கு ஃபிளைட் நாளைக்குத்தான், இன்னும் ஒரே ஒரு ராத்திரிக்கு நான்தான் திருடன்னு சொல்லிடுங்க!"