ஆர்னே கொடுத்த துப்பாக்கி

வில்ஹோ துப்பாக்கியை என் ரிப்பேர் கடை மேஜைமேல் போட்டான். வைக்கவில்லை, போட்டான்.

“என் மச்சான் ஆர்னே என் தலையில கட்டின சரக்கு. பாரு.”

“என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல. அதான் வியாதி. மான் சீசன் ஆரம்பிச்சு மூணு நாளாச்சு. ரெண்டு மான் எதிர்ல வந்து நின்னுச்சு. விசைய அழுத்தினா ‘டிக்’. அவ்வளவுதான். மான் என்னப் பாத்துட்டு நடந்து போகுது. ஓடக்கூட இல்ல.”

ஒரு குண்டு வெடித்தால் அடுத்தது தானாக ஏறும் ரகம். செகண்ட் ஹாண்ட். கோடையில் ஆர்னே விற்றது.

“செத்துப்போன அக்காவோட புருஷன்னு கூடப் பாக்கல, ஏமாத்திட்டான். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

எனக்கும் ஆர்னேமேல் எரிச்சல்தான் வந்தது.

கழற்றினேன். மிச்சிகன் குளிரில் எண்ணெய் இறுகிப்போனால் குண்டின் அடியை ஊசி சரியாகக் குத்தாது. இதில் எல்லாம் சுத்தமாகத் துடைத்திருந்தது. ஸ்பிரிங் புதுசு. கொல்லைக்குப் போய் என் குண்டுகள் இருபது போட்டேன். இருபதும் வெடித்தன.

“துப்பாக்கி நல்லாருக்கு. நீ எந்தக் குண்டு போட்ட?”

“ஆர்னே வீட்ல செஞ்சு குடுக்கிறதுதான். முப்பது வருஷமா அதான்.” வெடிக்காத குண்டு இரண்டை வைத்துவிட்டுப் போனான். “நாளைக்கு வர்றேன்.”

இரண்டிலும் ஊசி ஆழமாகவே குத்தியிருந்தது. ஒன்றின் முனையைப் பிடுங்கினேன். மருந்து கொட்டவில்லை. சோளக் குருணை கொட்டியது.

ஆர்னேக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் வந்தான், கையில் ஒரு பையோடு.

“குருணையால மான் சுடுற வித்தைய எங்க கத்துக்கிட்ட?”

பையிலிருந்து ஒரு ஆரஞ்சுச் சட்டையை எடுத்து விரித்தான். காட்டில் மானென்று நினைத்து மனுஷனைச் சுட்டுவிடக் கூடாதே என்று எல்லோரும் போடுவது. தோளில் ஒரு ஓட்டை.

“போன வருஷம் வில்ஹோ மாமா சுட்டது. தோல உரசிட்டுப் போச்சு.”

“அவன்கிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லித் தொலைக்கறதுதானே. கண்ணு தெரியலன்னா துப்பாக்கிய வைக்கட்டும்.”

“வச்சிடுவாரு. அப்புறம் வேட்டைக் கேம்புக்கும் வரமாட்டாரு. அக்கா போனதுக்கப்புறம் வருஷத்துல அந்த ரெண்டு வாரம்தான் அவரு நாலு பேரோட உக்காந்து சாப்பிடுறாரு. பழைய துப்பாக்கின்னா, வெடிக்காததுக்குப் பழி அது மேல போயிடுமேன்னு என்னோடத குடுத்தேன்.”

“உன்ன ஏமாத்துக்காரன்னு ஊர் பூரா சொல்றான்.”

“சொல்லிட்டுப் போறாரு. மூலைல உக்காரலியே.”

மறுநாள் வில்ஹோ வந்தான்.

“என்னாச்சு?”

“கோளாறு பிடிபடல.” கடை வைத்த நாளிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை. “ஆனா கேம்புக்கு எடுத்துட்டுப் போ. ஆர்னே குண்டத் தவிர வேற போடாத. போட்டா உள்ள உடஞ்சிடும்.”

வில்ஹோ என்னையே பார்த்தான்.

“உன்கிட்ட சொல்லிட்டானா?”

“என்னத்த?”

“போன வருஷம் கேம்புல ஒரு நாள், சட்டையக் கழட்டணுமேன்னு அவன் நீராவிக் குளியலுக்கு வரல. முப்பது வருஷத்துல தப்பினதே இல்ல. ஆணியில தொங்கின அவன் ஆரஞ்சுச் சட்டையத் தொட்டுப் பாத்தேன். விரல் உள்ள போச்சு.”

நான் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“இந்த வருஷம் குண்டே போடாமப் போகணும்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் குருணைய அடைச்சுக் குடுத்துட்டான், ஒண்ணப் பிரிச்சுப் பாத்தேன். மானும் வரல, ஒண்ணும் வரல. ஊசி குத்தின தடம் இருக்கணுமேன்னு வானத்தப் பாத்து அழுத்தினேன்.”

“அப்புறம் எதுக்குய்யா அவன இந்தத் திட்டு திட்டுற?”

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“திட்டலன்னா எனக்குத் தெரியும்னு அவனுக்குப் புரிஞ்சிடும். அப்புறம் ரெண்டு பேரும் எப்படி எதிர் எதிரா உக்காந்து சாப்பிடுறது?”