துளைக்குள் நீலம்

பைத்தா துறைமுகத்து ஐஸ் ஆலையின் வாசலில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. வெளியே தெயோஃபிலோவின் படகு நிறைய பொனித்தோ மீன். ஐஸ் கிடைக்காவிட்டால் மதியத்துக்குள் அத்தனையும் குப்பைக்குத்தான். இயந்திரத்தை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர் பெட்டி அனுப்பும் எண்கள் திரைக்கு எட்டாததால் ஐஸ் இயந்திரம் ஓட மறுக்கிறது. மெக்கானிக் நெலிதா ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, கன்ட்ரோலரின் சீரியல் போர்ட்டில் அனுப்பும் முள்ளையும் வாங்கும் முள்ளையும் சேர்த்துவைக்கிறாள். அனுப்பியது அதற்கே திரும்பி வந்து பச்சை விளக்கு சிமிட்டுகிறது. “இவன் நல்லாப் பேசுறான், காதும் கேக்குது. கோளாறு கேபிள்லதான்.” கழற்றிப் போட்ட கேபிளின் நுனியை வெயிலில் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு துளைக்குள் நீலம். மாதா திருவிழாவுக்கென்று போன வாரம் ஆலை முழுக்க அடித்த அதே நீலம். “முதலாளி, மாதாவுக்காக கேபிளுக்குள்ளயுமா பெயிண்ட் அடிச்சீங்க?” “பக்தியில கஞ்சத்தனம் பார்க்கலாமா தாயி?” என்று ஆலைக்கார அபுந்தியோ கழுத்தைச் சொறிகிறார். அவள் காதுவளையத்தைக் கழற்றி, அதன் கம்பியால் சுரண்டுகிறாள். நீலச் செதில்கள் உதிர்கின்றன. கேபிளைச் செருகியதும் திரையில் எண்கள் எழுகின்றன, இயந்திரம் உறுமுகிறது, சற்றைக்கெல்லாம் ஐஸ் சலசலவென்று சரிந்து கொட்டுகிறது. எலுமிச்சம்பழம் வாங்கவே கால் மணி நேரம் பேரம் பேசும் தெயோஃபிலோ படகுக்கு ஓடுகிறான். இருப்பதிலேயே கொழுத்த மீனைப் பொறுக்கி வந்து அவளுடைய கருவிப் பைமேல் வைக்கிறான். “எதுக்கு கேப்டன் இவ்வளவு பெருசு? சின்னது போதும்.” “என்கிட்டயே பேரம் பேசுறியா?” என்று இன்னொன்றையும் எடுத்து வைக்கிறான்.